இருதயத்தில் படியும் பொய்ம்மாவு

1854-இல் ஜெர்மானிய வைத்திய அறிஞர் ருடால்ப் விர்ச்சோ, மனித உடலிற் கண்ட ஒருவகைப் படிவின்மீது அயோடினை இட்டார். நிறம் மாறவே, மாவுப்பொருளெனக் கருதி ‘அமிலாய்டு’ என்று பெயரிட்டார். 1859-இல் பிரீட்ரைக், கெக்குலே என்னும் இருவர் அது மாவன்று, புரத இனத்தது என்று காட்டினர். பிழை திருந்தியது, பெயர் மட்டும் திருந்தவில்லை!

இப்புரதம் இருதயத் தசையிற் படியின், அதன் சுவர் தடித்து விறைத்துப்போம். மூச்சு வாங்கும், கால் வீங்கும். ‘வயதாயிற்று’ என்று வீட்டார் விட்டுவிடுவர். சிற்சில வேளை வைத்தியரும் அப்படியே. உறுதி செய்வதற்கோ, இரத்தக்குழாய் வழியே கருவியைச் செலுத்தி, இருதயத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளியெடுத்துச் சாயமிட்டுப் பார்க்கவேண்டும். எத்தனை முதியவர் இதற்கு இசைவர்?

வழி பிறந்தது எலும்புப் படத்திலிருந்து. டெக்னீஷியம் என்னும் கதிர்வீசும் பொருள் சேர்ந்த மருந்தை ஏற்றி எலும்பைப் படம் பிடிக்குங்கால், சிலருக்கு இருதயமும் ஒளிர்ந்தது. டிரான்ஸ்தைரெட்டின் என்னும் புரதம் படிந்தோரிடம் இவ்வொளி மிகுதி என்று 2005-இல் இத்தாலியின் பொலோஞா நகர வைத்தியர் காட்டினர். 2016-இல் பன்னாட்டு வைத்தியர் 1,200-க்கு மேற்பட்டோரின் படங்களை ஆராய்ந்தனர். இருதயம் எலும்புக்கு நிகராகவோ மிகையாகவோ ஒளிர்ந்தால், தசையைக் கிள்ளாமலே அவ்வகையை உறுதி செய்யலாம் என்றனர்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எலும்பு மச்சையின் அணுக்களிலிருந்து எழும் வேறொரு வகையும் சிலபோது அவ்வாறே ஒளிரும். அதற்குச் சிகிச்சை வேறு. சில மாதத் தாமதமே உயிரைக் குடிக்கும். ஆகவே, அவ்வணுக்கள் சுரக்கும் புரதம் இரத்தத்திலும் சிறுநீரிலும் இல்லையென்று முதலில் தெளியவேண்டும்.

டிரான்ஸ்தைரெட்டின் வகையில் மரணத்தைக் குறைக்கும் டஃபாமிடிஸ் என்னும் மருந்தின் பயன் 2018-இல் நிறுவப்பட்டது. நோய் முற்றுமுன் கண்டறியப்பட்டோர்க்கே அதனால் மிகுபயன்.