ஓடுபாதை ஊடுருவல்

விமானம் ஏறவும் இறங்கவும் ஒதுக்கிய பரப்பில், இருக்கக் கூடாத நேரத்தில் ஒரு விமானமோ வண்டியோ ஆளோ இருப்பது ஓடுபாதை ஊடுருவல். மோதல் நடந்தால்தான் என்றில்லை; கோட்டைத் தாண்டி ஒரு ஜீப் நின்றாலே அது ஊடுருவல்தான்.

எடுத்துக்காட்டாக, சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ஓடுபாதைகள் இரண்டு: 07/25, 12/30. காந்த வடக்கிலிருந்து பாதை நோக்கும் கோணத்தைப் பத்தால் வகுத்து முழு எண்ணாக்கினால் கிடைப்பது இந்த எண். முதன்மைப் பாதையின் நீளம் சுமார் 3.6 கி.மீ. இரண்டாவது, அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டப்பட்டது. இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன; ஆகவே ஒன்றில் அனுமதி தரும் கட்டுப்பாட்டாளர் மற்றதையும் பார்த்தாக வேண்டும்.

ஊடுருவலைத் தடுக்க அடிப்படை, 'ரீட்பேக்' என்னும் எளிய பழக்கம். ஓடுபாதையில் நுழைய, குறுக்கே கடக்க, அதற்கு முன்னே நிற்க, ஏற, இறங்க என எந்த உத்தரவானாலும் விமானி அதை எண்ணோடு திருப்பிச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டாளர் அதைக் காதுகொடுத்துக் கேட்டுத் தவறிருந்தால் அங்கேயே திருத்த வேண்டும். வெறும் 'ரோஜர்' போதாது. அவசரத்தில் மனிதக் காது தான் எதிர்பார்ப்பதையே கேட்கும். திருப்பிச் சொல்லும்போதுதான் பிழை வெளியே வருகிறது.

அந்தப் பிழையின் விலையை ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் நடந்த விபத்து காட்டியது. 1977 மார்ச் 27 அன்று, மூடுபனியில், கே.எல்.எம். ஜம்போ விமானம் புறப்பாட்டு அனுமதி பெறாமலே ஓடத் தொடங்கியது. அதற்குக் கிடைத்திருந்தது ஏறிய பின் செல்ல வேண்டிய வழிக்கான அனுமதி மட்டுமே. கட்டுப்பாட்டுக் கோபுரம் 'ஓகே' என்றது. அடுத்துச் சொன்ன 'காத்திருங்கள்' என்ற சொல்லும், அதே ஓடுபாதையில் இருந்த பான் ஆம் விமானத்தின் விமானி தாம் இன்னும் பாதையிலேயே இருப்பதாகச் சொன்னதும் ஒரே நேரத்தில் வானொலியில் மோதிக் கீச்சொலியாயின. இரு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். அதன் பின் 'டேக்-ஆஃப்' என்ற சொல், அனுமதி கொடுக்கவும் அதை ரத்து செய்யவும் மட்டும் என்று ஒதுக்கப்பட்டது. மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்' என்பார்கள்.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில், புறப்பாட்டு வரிசையில் முதலிடம் என்று கோபுரம் சொன்னதை ஓடுபாதையில் நுழையும் அனுமதியாகக் கடலோரக் காவல் படை விமானம் எடுத்துக்கொண்டது. இறங்கிக்கொண்டிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் அதன்மேல் மோதியது. சிறிய விமானத்தில் 5 பேர் மாண்டனர். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் தப்பினர்.

இந்தியாவிலும் ஆபத்து நெருங்கி வந்ததுண்டு. 2024 ஜூன் 8 அன்று மும்பையில் ஏர் இந்தியா விமானம் ஏறிக்கொண்டிருந்த அதே பாதையில் இண்டிகோ விமானம் இறங்கியது. யாருக்கும் காயமில்லை. கட்டுப்பாட்டாளர் பணியிலிருந்து விலக்கப்பட்டு விசாரணை நடந்தது.

பேச்சு தவறும் நேரத்துக்காகத் தரையிலும் காவல் உண்டு. ஓடுபாதைக்கு முன்னே தொடர்கோடு இரண்டும் விட்டுவிட்டு வரும் கோடு இரண்டும் மஞ்சளில் வரைந்திருப்பார்கள். தொடர்கோட்டுப் பக்கமிருந்து அனுமதியின்றிக் கடக்கக் கூடாது. பக்கத்தில் சிவப்புப் பலகையில் வெள்ளை எண். சில இடங்களில் தரையில் பதித்த சிவப்பு விளக்கு வரிசையும் உண்டு. அது எரியும்போது, வானொலியில் அனுமதி கிடைத்திருந்தாலும் விமானம் அதைத் தாண்டக் கூடாது.

விமானிகளுக்கு மட்டுமான ஒழுங்கல்ல இது. 2020 பிப்ரவரியில் புணேயில் ஏர் இந்தியா விமானம் வேகமெடுத்து ஓடும்போது முன்னே ஒரு ஜீப்பும் ஆளும் தென்பட, விமானி வழக்கத்துக்கு முன்பே விமானத்தைத் தூக்கினார். வால் பகுதி தரையில் உரசியது. விமானம் டெல்லியில் பத்திரமாக இறங்கியது.