கடலூர் சிப்காட்: பாதிக்கப்பட்டோரே நடத்திய காற்று ஆய்வு

கடலூர்–சிதம்பரம் சாலையில், உப்பனாற்றங்கரையை ஒட்டி 1980களில் வளர்ந்த சிப்காட் தொழிற்பேட்டையின் வேதிக் காற்றைச் சுவாசித்த கிராமத்தார், 2004 முதல் தாங்களே ஆய்வாளர்களாக நின்று நடத்திய மாசுக் கண்காணிப்பு.

இதற்கு முந்தைய வழக்கத்தைப் போபாலில் காணலாம். 1984 டிசம்பர் விஷவாயுக் கசிவுக்குப் பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பாதிக்கப்பட்டோரை 1994 வரை தொடர்ந்து ஆராய்ந்தது; அந்த நோய்ப்பரவல் ஆய்வின் அறிக்கை வெளியானதோ 2004இல். தங்கள் உடலைப் பற்றிய முடிவுக்காக உடலைக் கொடுத்தவர்களே பத்தாண்டு காத்திருந்தது பெரும் அநீதி.

கடலூரில் ஊரார் சொல் முதலில் சாட்சியமாகப் பதிவானது. ஓய்வுபெற்ற நீதிபதி ஜெ. கனகராஜ் தலைமையில் இந்திய மக்கள் தீர்ப்பாயம் 2003இல் அறிக்கை தந்தது. ஆனால் வாடை பெரும்பாலும் இரவில்தான் வரும்; புகார் கேட்டு ஆள் வருவதற்குள் காற்று திசைமாறிவிடும். எனவே மறு ஆண்டு ‘சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்’ குழு உருவானது. அதன் கருவி, 1990களில் கலிஃபோர்னியாவில் பிறந்த பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் ஒரு பை. வாளியிலுள்ள காற்றை வெளியே இழுத்தால், வெளிக்காற்று குழாய் வழியே பைக்குள் நிறையும். பை அமெரிக்க ஆய்வகத்துக்குப் போகும். கூடவே ஒரு நோட்டு: எத்தனை மணி, எந்தப் பக்கத்துக் காற்று, அழுகிய முட்டை வாடையா, நகப்பாலிஷ் வாடையா, கண் எரிந்ததா, நெஞ்சு அடைத்ததா. அதே ஆண்டு வெளியான அறிக்கை 22 நச்சு வேதிப்பொருள்களைப் பட்டியலிட்டது; அவற்றில் எட்டு புற்றுநோய் உண்டாக்குபவை. பின்னர் நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் (நீரி) ஆய்வும் இப்பகுதியினருக்கு வாழ்நாள் புற்றுநோய் அபாயம் குறைந்தது 2,000 மடங்கு அதிகம் என்றது. ஊராரின் மூக்கை நம்பியிருந்தால் இவ்வளவு தாமதம் ஆகியிருக்காது.

இம்முறையின் பெரிய பலம், எதை, எப்போது அளப்பது என்பதைப் பாதிக்கப்பட்டவரே முடிவுசெய்ததுதான். அதனால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடவில்லை. வீட்டில் ஒருவர் அதே ஆலையில் ஒப்பந்தக் கூலியாக இருந்தால், நோட்டில் எழுதும் பெயரே வேலைக்கு உலை வைக்கும். பெயரை மறைப்பதும் வேண்டாமென்றால் விலக விடுவதும் இங்கே சோற்றுப் பிரச்சினை.

பேரிடரில் பாதிக்கப்பட்டோரிடம் எந்த நெறியில் ஆய்வு நடத்துவது என்ற விவாதம், சுனாமிக்குப் பின் தெற்காசிய நாடுகளில் வலுத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் பேரிடர்க்கால ஆய்வுக்குத் தனிப் பகுதியே ஒதுக்கியுள்ளன: அதிர்ச்சியில் இருப்பவர், ஆய்வை நிவாரணம் என்று எண்ணிக் கையெழுத்திட்டுவிடக் கூடாது என்பது அதன் முக்கியக் கவலைகளில் ஒன்று.