93.5-ம் நம்ம ஊர்ப் பாட்டும்

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

2002. வங்கி வேலையில் சேர்ந்து, செம்பூரில் ஒரே ரூமில் நாலு பேராகக் குப்பை கொட்டிய காலம். தினமும் ஹார்பர் லைனில் வி.டி. வரைக்கும் நின்றுகொண்டேதான் பயணம். பொழுது போகச் சின்னதாக ஒரு ரேடியோ வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டேன். மும்பையில் தனியார் பண்பலைகள் வரிசையாக வந்ததும் அந்த வருஷம்தான். ரேடியோ சிட்டி, மிர்ச்சி, கோ 92.5, வின் 94.6, அப்புறம் இந்தியா டுடே குழுமத்தின் ரெட் எஃப்.எம். 93.5. அஞ்சையும் திருகித் திருகிப் பார்த்தாச்சு. ஒரு தமிழ்ப் பாட்டு கிடையாது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று இத்தனை தமிழர் இருக்கிற ஊரில் ஒரு மணி நேரம்கூடவா ஒதுக்க முடியாது? வடக்கத்திக்காரன் ஓரவஞ்சனை என்று ரூமில் கத்தித் தீர்த்தேன்.

பிறகு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். (பி.காம். படித்துவிட்டு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?)

1993-ல் அகில இந்திய வானொலி தன் பண்பலை நேரத்தைத் தனியாருக்கு மணிக்கணக்கில் விற்க ஆரம்பித்தது. அது 1998-ல் நின்றது. நடுவில் 1995-ல் உச்ச நீதிமன்றம், அலைவரிசை பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு நடந்த முதல் ஏலத்தில் ஆளாளுக்கு விலையை ஏற்றிவிட, மும்பையில் ஒரு உரிமத்துக்கு வருஷக் கட்டணம் 9.75 கோடி என்று முடிந்தது. அதாவது விடிந்தால் 2 லட்சத்து 67 ஆயிரம். அது போதாதென்று வருஷா வருஷம் 15 சதவீதம் ஏறும். பத்தாவது வருஷம் 34 கோடியைத் தாண்டும். பத்து வருஷத்துக்கும் கூட்டினால் கிட்டத்தட்ட 198 கோடி! வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டியே ஆகணும். இது கடன் மனுவாக என் மேஜைக்கு வந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். வின் 94.6 தாக்குப்பிடிக்க முடியாமல் மூடியே விட்டது.

2005-ல் அரசு இறங்கி வந்தது. ஒருமுறை நுழைவுக் கட்டணம், அப்புறம் வருமானத்தில் 4 சதவீதம் என்று மாறியது. அதற்கு அடுத்தாற்போல் நடந்ததுதான் வேடிக்கை. ரெட் எஃப்.எம். கைமாறியபோது சன் குழுமம் அதில் பங்குதாரராக உள்ளே வந்தது. சென்னையில் சூரியனும் 93.5, மும்பையில் ரெட்டும் 93.5. "நம்மாளு வந்தாச்சு, இனி ராஜாதான்" என்று ரூம்காரர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். டீக்காசு போனதுதான் மிச்சம் :)

முதலாளி தமிழரானாலும் டிரான்ஸ்மிட்டர் மும்பை முழுக்கத்தானே கேட்கிறது? தாராவி தொண்ணூறடி ரோட்டு மளிகைக்கடைக்காரர் விளம்பரம் கொடுத்தால், அவர் கடைப் பக்கமே வராத போரிவலிக்காரர் காதுக்கும் சேர்த்துத்தான் காசு. அவருக்கு அது கட்டுப்படியாகாது. பெரிய கம்பெனிக்கோ மொத்தத் தலைக்கணக்குதான் வேணும். தமிழுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் மற்றவர்கள் அடுத்த ஸ்டேஷனுக்குத் திருகிவிடுவார்கள். திருகினவர் திரும்பி வருவாரா என்பதுதான் பயம். ஆங்கிலப் பாட்டு போட்ட கோ 92.5-ஏ பின்னால் ரேடியோ ஒன் என்று பெயர் மாறி இந்திக்குப் போனது. அங்கே ஆங்கிலத்துக்கே அந்தக் கதி. 2015 ஏலத்துக்குப் பிறகு ரெட்டுக்கு 106.4 என்று இன்னொரு அலைவரிசையும் வந்தது. இரண்டாவதிலாவது? அதிலும் பழைய இந்திப் பாட்டுதான், ரெட்ரோ என்ற பெயரில்.

நம்மவர்கள் என்னதான் செய்தார்கள் என்கிறீர்களா? மாட்டுங்காவில் எங்களுக்குத் தெரிந்த மாமி ஒருவர் வேர்ல்ட்ஸ்பேஸ் பெட்டி வாங்கினார். சந்தா கட்டிக் கேட்கிற செயற்கைக்கோள் வானொலி. கே.எல். ரேடியோவில் நாள் முழுக்கத் தமிழ்ப் பாட்டு, ஸ்ருதியில் கர்நாடக சங்கீதம். ஜன்னல் கம்பியில் ஆன்டெனாவை வானம் பார்க்கக் கட்டி வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் காபியோடு பாட்டும் கிடைக்கும். 2009 கடைசியில் அந்தக் கம்பெனியும் இந்தியாவில் கடையைக் கட்டியது. மாமி ரொம்ப நாள் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. போன தடவை போனபோது பார்த்தேன், ஆன்டெனா இருந்த கம்பியில் கொத்தமல்லித் தொட்டி தொங்குகிறது. உள்ளே மொபைலில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.