ஒராங்குட்டான்

ஒராங்குட்டான் என்பது போர்னியோ, சுமாத்திரா ஆகிய தீவுகளின் மழைக்காடுகளில் மட்டும் வாழும் வாலில்லாப் பெருங்குரங்கு ஆகும். மலாய் மொழியில் 'ஒராங்' என்பது மனிதரையும் 'ஊத்தான்' என்பது காட்டையும் குறிக்கும். எனவே இப்பெயர் 'காட்டு மனிதர்' எனப் பொருள்படும்.

வகைப்பாடு

முதனிகள் வரிசையில் ஓமினிடே குடும்பத்தைச் சேர்ந்தது. மனிதர், சிம்பன்சி, போனபோ, கொரில்லா ஆகியனவும் இக்குடும்பத்தில் அடங்கும். இவற்றின் பொது மூதாதையிடமிருந்து ஒராங்குட்டானின் கிளையே முதலில், ஏறத்தாழ 1.2 முதல் 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பிரிந்தது. ஆகவே சிம்பன்சி, ஒராங்குட்டானைவிட மனிதருக்கே நெருங்கிய உறவாகும். சிவாலிக் மலைகளில் கிடைத்த சிவாபித்தேக்கசு என்னும் தொல்லுயிர் எச்சத்தின் முக அமைப்பு ஒராங்குட்டானை ஒத்துள்ளது. ஆசியக் கிளையில் இன்று எஞ்சியிருப்பது பொங்கோ என்னும் இப்பேரினம் மட்டுமே.

இனங்கள்

போர்னியோ, சுமாத்திரா, தப்பானுலி என மூன்று இனங்கள் உள்ளன. வடக்குச் சுமாத்திராவில் வாழும் தப்பானுலி இனம் 2017 ஆம் ஆண்டு தனி இனமாக விவரிக்கப்பட்டது. இதில் 800க்கும் குறைவானவையே உள்ளன.

காப்புநிலை

மூன்று இனங்களும் மிக அருகியவையாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்காகக் காடுகள் அழிக்கப்படுவதும் வேட்டையும் முதன்மைக் காரணங்கள். பெண் ஒராங்குட்டான் 6 முதல் 9 ஆண்டுகளுக்கு ஒருமுறையே குட்டி ஈனுவதால், சிறிய இழப்பையும் இவற்றால் எளிதில் ஈடுசெய்ய இயலாது.