யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ்

யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், 1924 முதல் 1930களின் பிற்பகுதி வரை இலங்கையின் வடபகுதியில் இயங்கிய அரசியல், சமூகச் சீர்திருத்த அமைப்பு. இளைஞர் காங்கிரஸ் என்றும் இதைக் குறிப்பிடுவர். முழுச் சுயராச்சியம், சாதி வேற்றுமை ஒழிப்பு, தாய்மொழிக் கல்வி, இன ஒற்றுமை ஆகியவற்றை இது முன்வைத்தது. 1931ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்து வடக்கின் நான்கு தொகுதிகளை வெறுமையாக விட்டது இதன் மிகப் பெரிய அரசியல் நடவடிக்கையாகும்.

தோற்றம்

1920களில் சட்டநிரூபண சபைக்கு வாக்களிக்கும் உரிமை சொத்தும் வருமானமும் கல்வியும் உடைய ஆண்களுக்கே இருந்தது. மக்கள்தொகையில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரே வாக்காளர். யாழ்ப்பாண அரசியல், சேர் பொன்னம்பலம் இராமநாதன் முதலான மூத்த தலைவர்கள் கையிலும் அப்புக்காத்துமார் கையிலும் இருந்தது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அப்போதுதான் படித்து வெளியேறிய இளம் ஆசிரியர்களுக்கும் அங்கே இடமில்லை. காந்தியின் ஒத்துழையாமை இயக்கச் செய்திகளை ஆவலோடு படித்துவந்த இந்தத் தலைமுறை 1924இல் தனக்கென ஒரு மேடையை அமைத்துக்கொண்டது. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியை மையமாகக் கொண்டு எழுந்த அந்த அமைப்பு முதலில் மாணவர் காங்கிரஸ் எனப்பட்டது. 1930 அளவில் வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று.

இதன் முதன்மை அமைப்பாளர் ஹன்டி பேரின்பநாயகம் (1899–1977). யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அவர் பின்னாளில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபரானார். அவரோடு உழைத்தவர்களில் எஸ். குலேந்திரன் பின்னர் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயரானார். ‘ஒறேற்றர்’ சி. சுப்பிரமணியம் கந்தரோடை ஸ்கந்தவரோதயாக் கல்லூரியின் அதிபராகப் புகழ்பெற்றார். மிஷன் பள்ளியில் படித்த கிறித்தவரும் சைவரும் ஒரே மேடையில் நின்றதை இப்பெயர்களே காட்டும்.

கொள்கையும் செயற்பாடும்

ஆண்டு மாநாடே காங்கிரஸின் உயிர்நாடி. சுயராச்சியம் தொடங்கிக் கதர் வரை பலவற்றைக் குறித்து அங்கே தீர்மானங்கள் நிறைவேறின. தமிழ்ப் பள்ளிகளில் சிங்களமும் சிங்களப் பள்ளிகளில் தமிழும் கற்பிக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. கொழும்பு ஆனந்தாக் கல்லூரி அதிபர் பி. டி. எஸ். குலரத்தின போன்ற சிங்களத் தலைவர்களும் மாநாட்டுக்கு அழைக்கப்பட்டனர்.

காங்கிரஸின் அழைப்பையும் ஏற்று 1927 நவம்பரில் இலங்கை வந்த காந்தி, பயணத்தின் இறுதி நாட்களை யாழ்ப்பாணத்தில் கழித்தார். கதர் நிதிக்குப் பணம் திரட்டினார், மாணவர் கூட்டங்களில் பேசினார், தீண்டாமையைக் கண்டித்தார். 1931இல் ஓய்வெடுக்க இலங்கை வந்த ஜவாகர்லால் நேருவையும் காங்கிரஸ் வரவேற்றது.

ஊருக்குள் கடுமையான எதிர்ப்பைக் கிளப்பியது சாதிப் பிரச்சினை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் அன்று பல பள்ளிகளில் வாங்கில் இருக்க முடியாது. தரையிலோ வகுப்பறைக்கு வெளியிலோ இருந்தே படித்தனர். அரசின் நன்கொடை பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் தர வேண்டும் என 1920களின் இறுதியில் விதி வந்தபோது, உயர்சாதியினர் பலர் எதிர்த்தனர். பள்ளிகள் சில தீக்கிரையாயின. காங்கிரஸ் சம ஆசனத்தையும் சம போசனத்தையும் ஆதரித்து நின்றது. மூத்தவர்கள் பேசத் தயங்கிய இந்த விடயத்தில் அது தன் வீட்டாரையே எதிர்க்க வேண்டியிருந்தது.

1931 பகிஷ்கரிப்பு

இலங்கையின் அரசியல் யாப்புச் சீர்திருத்தத்தை ஆராய்ந்த டொனமூர் ஆணைக்குழு 1928இல் அளித்த பரிந்துரைகளைச் சட்டநிரூபண சபை அடுத்த ஆண்டு 19க்கு 17 என்ற வாக்குகளில் ஏற்றது. சட்டநிரூபண சபைக்குப் பதிலாக அரசாங்க சபையை அமைத்த புதிய யாப்பு, 21 வயதடைந்த ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை தந்தது. இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்கியது. நிதி, சட்டம் உள்ளிட்ட முக்கியப் பொறுப்புகளோ ஆங்கில அதிகாரிகள் மூவரிடமே இருந்தன. ஆளுநரின் அதிகாரமும் குறையவில்லை. இது சுயராச்சியம் ஆகாது என்பது காங்கிரஸின் வாதம். 1931 ஏப்ரலில் இந்தியத் தேசியத் தலைவர் கமலாதேவி சட்டோபாத்தியாய் கலந்துகொண்ட மாநாட்டில் தேர்தலைப் பகிஷ்கரிக்க முடிவாயிற்று.

மே 4 வேட்புமனு நாள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் மனுக் கொடுக்கவில்லை. வை. துரைசுவாமி போன்ற செல்வாக்குள்ள மூத்தவர்களும் ஒதுங்கிக்கொண்டனர். வடமாகாணத்தில் மன்னார்–முல்லைத்தீவில் மட்டுமே தேர்தல் நடந்தது. 50 தொகுதிகளுக்கு அமைந்த அரசாங்க சபை, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் 46 பேரோடு கூடியது.

தென்னிலங்கையும் பின்தொடரும் என்று காங்கிரஸ் எதிர்பார்த்தது. அங்கிருந்து பாராட்டு வந்தது, பகிஷ்கரிப்பு வரவில்லை. முதன்முதலாக வாக்குரிமை பெற்ற பெண்களும் ஏழைகளும் ஒடுக்கப்பட்டோரும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதைப் பயன்படுத்த முடியாமற்போயிற்று. அவர்களின் விடுதலையைப் பேசிய அமைப்பே இதற்குக் காரணமானது.

சரிவு

1934இல் பகிஷ்கரிப்பு முடிவுக்கு வந்து இடைத்தேர்தல்கள் நடந்தன. 1931இல் மன்னார்–முல்லைத்தீவில் தோற்ற ஜி. ஜி. பொன்னம்பலம் இம்முறை பருத்தித்துறையில் வென்றார். அவர் பின்னர் சிறுபான்மையினருக்குச் சரிபாதிப் பிரதிநிதித்துவம் கோரி, 1944இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸைத் தொடங்கினார். துரைசுவாமி 1936இல் ஊர்காவற்றுறையில் வென்று சபாநாயகரானார். அதே ஆண்டு சிங்களவர் மட்டுமே இடம்பெற்ற அமைச்சரவை அமைந்தது தமிழரின் அச்சத்தைப் பெருக்கியது. நாடு முழுதும் தழுவிய தேசியம் பேசிய வாலிபர் காங்கிரஸின் குரல் மெல்ல ஒடுங்கியது. 1947 பொதுத்தேர்தலில் வட்டுக்கோட்டையில் நின்ற ஹன்டி பேரின்பநாயகம், தமிழ்க் காங்கிரஸின் கே. கனகரத்தினத்திடம் தோற்றார்.

மதிப்பீடு

இனவாரிப் பிரதிநிதித்துவம் போனதால் எழுந்த ஆத்திரமே பகிஷ்கரிப்புக்குக் காரணம் என்போர் உண்டு. அந்த ஆத்திரம் மூத்த தலைவர்கள் சிலரை ஒதுங்கச் செய்திருக்கலாம்; இனவாரி ஒதுக்கீட்டையே எதிர்த்த காங்கிரஸுக்கு அது பொருந்தாது. அமைப்பின் குறை வேறிடத்தில் இருந்தது. ஆசிரியரும் மாணவரும் நிறைந்த அதற்குக் கிராமங்களில் கிளைகளோ தொழிலாளரிடையே வேரோ வலுவாக இல்லை. மேடையாலும் தார்மிக அழுத்தத்தாலும் நான்கு ஆசனங்களை வெறுமையாக்க முடிந்தது. அவற்றைத் தன் கொள்கையாளரால் நிரப்பும் அளவுக்கு வாக்காளர் பலத்தை அதனால் திரட்ட முடியவில்லை. அது வெற்றி கண்ட களம் பள்ளிக்கூடம். சம ஆசனமும் தாய்மொழிக் கல்வியும், அதன் உறுப்பினர் பலர் அதிபர்களாகவும் ஆசிரியர் சங்கத் தலைவர்களாகவும் ஆன பிறகு, யாழ்ப்பாணத்தில் நிலைபெற்றன.