அடுத்த மேப் எது என்று யார் சொல்வது?

1998-இல் வெளிவந்த ஹாஃப்-லைஃப் விளையாட்டின் சர்வர் ஃபோல்டரைத் திறந்தால் ‘மேப்சைக்கிள்’ என்றொரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். வரிக்கு ஒரு மேப்பின், அதாவது ஆட்டக் களத்தின் பெயர், அவ்வளவுதான். மேலிருந்து கீழாக ஒவ்வொரு மேப்பும் ஓடி முடிந்ததும் சர்வர் மறுபடி முதல் வரிக்கு வரும். ஒரு மேப் எத்தனை நிமிடம் ஓட வேண்டும் என்பது இன்னொரு ஃபைலில் ஓர் எண். நோட்பேடில் ஒரு வரியை அழித்தால் அந்த மேப் போயிற்று. ஒரு வரியைச் சேர்த்தால் புது மேப் வந்தாயிற்று. இன்றைய ஆன்லைன் விளையாட்டுகளில் இதே விஷயம் ஓயாத சண்டையாகியிருக்கிறது. பிடித்த மேப்பை ஏன் எடுத்தார்கள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோடை (ஆட்ட வகையை) ஏன் இரண்டே வாரத்தில் மூடினார்கள் என்று ஒவ்வொரு சீசனிலும் கேள்வி எழுகிறது. புதுமை வேண்டும் என்பவர்களுக்கும் பழகியதே போதும் என்பவர்களுக்கும் நடக்கும் வாக்குவாதமாகத்தான் இதைப் பெரும்பாலும் பேசுகிறார்கள். இருபத்தைந்து ஆண்டு வரலாற்றைப் புரட்டினால் சண்டையின் வேர் வேறிடத்தில் இருப்பது தெரியும். மேப் சுழற்சியை ஆட்டக்காரர்கள் ஒருநாளும் வெறுத்ததில்லை. அந்தப் பட்டியல் தங்கள் கையை விட்டுப் போனதையும், பட்டியலிலிருந்து நீங்கியது எங்குமே கிடைக்காமல் போனதையும்தான் அவர்களால் ஏற்க முடியவில்லை.

1999-இல் ஹாஃப்-லைஃப்பின் மேல் செய்த ஒரு மாற்று வடிவமாகப் பிறந்து, 2000-இல் வால்வ் நிறுவனத்தின் வெளியீடாக வந்த கவுன்டர்-ஸ்டிரைக் இதற்கு நல்ல சாட்சி. அதைத் திறந்தால் வந்து நிற்பது ஒரு சர்வர் பட்டியல். ஒவ்வொரு சர்வரையும் யாரோ ஒருவர் தம் செலவிலோ நண்பர்களின் செலவிலோ நடத்தினார். ஒரு சர்வரில் பத்து மேப் மாறி மாறி வரும். அடுத்ததில் டேவ் ஜான்ஸ்டன் 2001-இல் உருவாக்கிய டஸ்ட்2 மட்டும் இரவும் பகலும் ஓடும். ‘24/7 டஸ்ட்2’ என்று சர்வரின் பெயரிலேயே போட்டிருப்பார்கள். மேப் சலித்துவிட்டால் சாட்டில் ‘ராக் த வோட்’ என்று தட்டலாம். போதுமான பேர் தட்டினால் வாக்கெடுப்பு நடந்து மேப் மாறும். ஒரே மேப்பை ஆயிரம் மணி நேரம் ஆடியவரும் தினம் ஒரு புது மேப் தேடியவரும் ஒரே விளையாட்டுக்குள் ஒருவரையொருவர் இடிக்காமல் இருந்தார்கள். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. ஏமாற்று மென்பொருள் மலிந்திருந்தது, அட்மின்களின் அடாவடி இருந்தது, புதிதாக வந்தவர் எந்த சர்வருக்குப் போவதென்று தெரியாமல் விழித்தார். ஆனால் ‘என் மேப்பைப் பறித்துவிட்டார்கள்’ என்ற புகாருக்கு மட்டும் அங்கே வேலையில்லை.

சுழற்சிக்கு ஆட்டக்காரர்கள் எதிரிகள் அல்லர் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தென்கொரியாவில் கிடைக்கிறது. பிளிஸார்ட் நிறுவனத்தின் ஸ்டார்கிராஃப்ட்டும் அதன் விரிவாக்கமான ப்ரூட் வாரும் வந்தது 1998-இல். டெரன், ஸெர்க், புரொட்டாஸ் என்ற மூன்று இனங்களின் பலத்தைச் சரிசெய்யும் கடைசிப் பெரிய திருத்தம் 2001-இல் வந்தது. அதன் பிறகு நிறுவனம் அந்த விஷயத்தில் கைவைக்கவில்லை. தொழில்முறைப் போட்டிகளோ தொலைக்காட்சியில் அதற்குப் பிறகும் பத்தாண்டுக்கு மேல் நடந்தன. ஓர் இனமே எப்போதும் வென்றுகொண்டிருந்தால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? சமநிலையைக் காக்கும் பொறுப்பு மேப் செய்பவர்களிடம் வந்து சேர்ந்தது. ஒரு தளத்துக்கு ஏறும் சரிவைக் கொஞ்சம் குறுக்கினால் ஸெர்க்கின் முதல் தாக்குதல் திணறும். கனிமக் குவியலைச் சற்றுத் தள்ளி வைத்தால் டெரன் அங்கே கோட்டை கட்டி உட்கார முடியாது. சீசன் தோறும் புது மேப்புகள் வந்தன. ஓர் இனத்துக்குச் சாதகமாகிப்போன மேப்பைத் திருத்தி மறு பதிப்பாக வெளியிட்டார்கள், அப்படியும் சரிப்படாவிட்டால் எடுத்துவிட்டார்கள். பார்வையாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் காரணம் தெரிந்திருந்தது. போட்டியிலிருந்து நீங்கிய மேப்பின் ஃபைல் எல்லோருடைய கணினியிலும் இருந்தது. விரும்பியவர் அன்று இரவே நண்பரோடு அதில் ஆடலாம். காரணம் சொல்லி, ஃபைலையும் அவரவரிடமே விட்டுவைத்த சுழற்சி அது. அதனால்தான் ஒரு விளையாட்டு பத்தாண்டுக்கும் மேல் பழசாகாமல் நின்றது.

திருப்பம் 2004 நவம்பரில் வந்தது. பங்கி நிறுவனத்தின் ஹாலோ 2, எக்ஸ்பாக்ஸ் லைவ் வழியாக வேறொரு முறையைக் கொண்டுவந்தது. சர்வர் பட்டியல் போய் ‘ப்ளேலிஸ்ட்’ வந்தது. அணிச் சண்டையா, தனிச் சண்டையா என்று சொன்னால் போதும். எதிராளியையும் மேப்பையும் நிறுவனத்தின் சர்வரே தேர்ந்து தரும். சமமான திறமை உள்ளவர்களைச் சில விநாடிகளில் சேர்த்து வைத்த அந்த வசதி பெரிய சாதனை, அதில் சந்தேகமில்லை. அதே பங்கி, ஹாலோ 3-இல் பிடிக்காத மேப்பை மறுக்கும் வாக்கையும், ஹாலோ ரீச்சில் சில தேர்வுகளுக்கு இடையே வாக்களிக்கும் முறையையும் வைத்தது. இழந்த உரிமையில் ஒரு பங்காவது திரும்ப வேண்டும் என்பது முதலிலேயே உணரப்பட்டிருந்தது என்றுதான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். 2009-இல் கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2 கணினிப் பதிப்பில் தனி சர்வர்களே இருக்காது என்று அறிவித்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். விளையாட்டு அப்படியே வெளியாகி அமோகமாக விற்றது. மற்ற நிறுவனங்களும் அதைக் கவனித்திருக்கும். மூன்றாண்டு கழித்து, பிளாக் ஆப்ஸ் 2-இல் நியூக்டவுன் மேப் மட்டும் ஓடிய ப்ளேலிஸ்ட்டை வெளியான சில நாள்களிலேயே எடுத்துவிட்டு, கூச்சல் கிளம்பியதும் திரும்ப வைத்தார்கள். ஒரு காலத்தில் ஒரு வரி எழுதினால் முடிந்த காரியத்துக்கு இப்போது ஊர் கூடிக் கத்த வேண்டியிருந்தது.

குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்று வரும் மோடுகள் இந்த மண்ணில்தான் முளைத்தன. லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் 2014 ஏப்ரல் முதல் நாள் வேடிக்கையாக வந்த யுஆர்எஃப் மோடில் திறன்களைப் பயன்படுத்த மானா செலவாகாது, காத்திருப்பும் மிகக் குறைவு. ஆட்டம் தறிகெட்டு ஓடியது. மக்களுக்கு அது பிடித்துப்போனது. முதலில் சொன்ன நாளைத் தாண்டி நீட்டித்து, பிறகு மூடினார்கள். ‘யுஆர்எஃப் எப்போது வரும்’ என்ற கேள்வி அன்று முதல் ஓயவில்லை. 2016-இல் ஓவர்வாட்ச் பருவ விழாக்களுக்கென மோடுகளை வைத்தது. 2017 இறுதியிலிருந்து ஃபோர்ட்நைட் இதை வாராந்தர வழக்கமாகவே மாற்றியது. ஐம்பது பேருக்கு ஐம்பது பேர் மோதும் மோட், தானோஸ் வரும் மோட் என்று ஒன்று போய் ஒன்று வந்தது. 2019 அக்டோபரில் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் தன் முதல் களமான கிங்ஸ் கேன்யனை முற்றாக விலக்கிவிட்டு வேர்ல்ட்ஸ் எட்ஜ் மேப்பை மட்டும் வைத்தது. எதிர்ப்புக்குப் பின் இரண்டும் முறை வைத்து வரத் தொடங்கின.

நிறுவனங்களின் முதன்மையான வாதம் ஆள் கணக்கு. அது பொய்யல்ல. நூறு பேர் சேர்ந்து ஆடும் ஒரு விளையாட்டைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். நான்கு மேப், தனியாள், இருவர், நால்வர் என மூன்று வகை. பன்னிரண்டு வரிசைகள் ஆகிவிட்டன. நள்ளிரவில் ஒரு பகுதியில் 6,000 பேர் காத்திருந்தால் வரிசைக்கு 500 பேர். அவர்களைத் திறமைப்படி ஐந்து தட்டாகப் பிரித்தால் தட்டுக்கு 100 பேர், அதாவது ஒரே ஒரு மேட்ச். உண்மையில் கூட்டம் சமமாகவும் பிரியாது. விருப்பமான மேப்பில் குவியும், மற்றவை காலியாகும். பப்ஜி இதை நேரடியாக அனுபவித்தது. மிராமர் மேப் பிடிக்காத சிலர் அந்த மேப்பின் ஃபைலையே கணினியிலிருந்து அழித்து அதைத் தவிர்த்தார்கள். 2018-இல் மேப்பைத் தேர்வு செய்யும் வசதி வந்தது. பின்னாளில் கணினிப் பதிப்பு வாராந்தர மேப் பட்டியலுக்கே போக வேண்டியதாயிற்று. அணையில் தண்ணீர் குறைந்தால் முறைப்பாசனம் வைப்பது நியாயம்தான். ஆனால் முறைப்பாசனத்தில் யாருக்கு எந்த நாள் என்பது எல்லோருக்கும் தெரியும், சொந்தக் கிணற்றை யாரும் மூடச் சொல்வதுமில்லை. கூட்டம் சிதறுவதைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் இதே தொழில்தான் மேப் பொதிகளைக் காசுக்கு விற்று வாங்கியவர், வாங்காதவர் என்று ஆட்டக்காரர்களைப் பல ஆண்டுகள் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். 2010 மார்ச்சில் மாடர்ன் வார்ஃபேர் 2-க்கு வந்த மேப் பொதியின் விலை 15 டாலர்.

முறை வைப்பதை நேர்மையாகச் செய்ய முடியும் என்று நின்டெண்டோவின் ஸ்ப்ளட்டூன் காட்டியது. 2015-இல் வந்த முதல் ஸ்ப்ளட்டூனில் ஒரு நேரத்தில் ஒரு மோடுக்கு இரண்டு மேப் மட்டும். நான்கு மணி நேரத்துக்கொருமுறை மாறும். அடுத்த பாகத்தில் இரண்டு மணி நேரம். அடுத்து எவை வரும் என்ற அட்டவணை முன்கூட்டியே திரையில் இருக்கும். இரண்டே மேப் என்பதால் எந்த ஆயுதம் எடுப்பது, எந்த வழியில் போவது என்று யோசித்து இறங்கலாம். பிடிக்காத மேப் என்றால் இரண்டு மணி நேரத்தில் போய்விடும். முணுமுணுப்பு இருந்தாலும் ஏமாற்றப்பட்டோம் என்ற உணர்வு இல்லை. அதே விளையாட்டின் சால்மன் ரன் மோட் கதை வேறு. இரண்டாம் பாகத்தில் அதை ஆன்லைனில் குறித்த நேரங்களில் மட்டுமே திறந்தார்கள். கடை மூடியிருக்கும் நேரத்தில் வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். 2022-இல் வந்த மூன்றாம் பாகத்தில் அதை எந்நேரமும் திறந்து வைத்தார்கள். மேப்புகள் அப்போதும் முறைப்படி மாறிக்கொண்டுதான் இருந்தன. சுழற்றுவதும் பூட்டுவதும் வெவ்வேறு காரியங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் தேவையில்லை.

அடுத்த வாதம் சலிப்பைப் பற்றியது. எப்போதும் கிடைத்தால் மவுசு போய்விடும், முதல் வாரக் கூட்டம் மூன்றாம் வாரத்தில் இருக்காது என்கிறார்கள். பல மோடுகளுக்கு இது பொருந்தும். யுஆர்எஃப் ஆண்டு முழுவதும் அதே கூட்டத்தோடு ஓடும் என்று நானும் நம்பவில்லை. ஆனால் எது நிலைக்கும், எது கரையும் என்பதை முன்கூட்டி முடிவு செய்யும் திறமை நிறுவனங்களுக்கு இருக்கிறதா? ஃபோர்ட்நைட் 2022 மார்ச்சில் கட்டடம் கட்டும் வசதியைச் சில நாள்கள் நிறுத்திப் பார்த்தது. அந்த விளையாட்டின் அடையாளமே அதுதான். அதை நீக்கியதற்குக் கிடைத்த வரவேற்பில் ‘ஸீரோ பில்ட்’ என்ற மோட் அதே மாதம் நிரந்தரமானது. 2023 நவம்பரில் பழைய மேப்பை ஒரு மாதத்துக்கென்று கொண்டுவந்தபோது ஒரே நாளில் 4 கோடியே 47 லட்சம் பேர் ஆடியதாக அதன் நிறுவனமான எபிக் அறிவித்தது. 2024 டிசம்பரில் அதுவும் நிரந்தர மோடாகிவிட்டது. பழசு செத்துவிட்டது என்று எடுத்து வைத்த மேப் அது. கூட்டம் குறைவது ஒரு மோடை முகப்பிலிருந்து இறக்கக் காரணமாகலாம். எட்டுப் பேர் தங்களுக்குள் ஓர் அறை திறந்து ஆடுவதைத் தடுக்க அது காரணமாகாது. அதற்கு எதிராளியைத் தேடித் தரும் மேட்ச்மேக்கிங் வரிசையே வேண்டியதில்லை. அதையும் சேர்த்து மூடும்போது, இப்போதே வந்து ஆடாவிட்டால் போய்விடும் என்ற அவசரத்தை உண்டாக்கி ஆளை இழுப்பதைத் தவிர வேறு நோக்கம் எனக்குத் தெரியவில்லை. சீசனுக்குள் ஆடி முடித்தால்தான் பரிசு தரும் பேட்டில் பாஸும் அதன் நாள் கணக்கும் அந்த அவசரத்தோடு சேரும்போது, விளையாட்டு ஓய்வுநேரத்தின் மகிழ்ச்சியாக இல்லாமல் வருகைப் பதிவேடாகிவிடுகிறது. பள்ளி, வேலை, குடும்பம் என்று இருப்பவர்களைத்தான் இது முதலில் தண்டிக்கிறது.

பராமரிப்புச் செலவு என்ற வாதத்துக்கு மற்றவற்றைவிடக் கனம் உண்டு. புது ஆயுதம், புது நாயகன் ஒவ்வொன்று வரும்போதும் எல்லாப் பழைய மோடிலும் சோதிக்க வேண்டும். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் 2016-இல் டொமினியன் மோடை மூடியபோது அதில் ஆட்கள் மிகக் குறைவு. டெஸ்டினி 2 நூறு ஜிபியைத் தாண்டி வீங்கியிருந்தது என்பதும் உண்மை. ஆனால் 2020 நவம்பரில் டெஸ்டினி 2 செவ்வாய், ஐஓ, டைட்டன், புதன் என்று களங்களைக் கூண்டோடு நீக்கியபோது, மக்கள் காசு கொடுத்து வாங்கிய கதைப் பகுதிகளும் சேர்ந்து போயின. அதை எந்தச் செலவுக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது. பழுது பார்க்க ஆளில்லை என்றால் ‘இந்த மோடில் பிழைகள் இருக்கும்’ என்று எழுதி வைத்துத் திறந்து விடலாம். சமூக சர்வர்களில் ஆடிப் பழகியவர்கள் பிழைகளோடு வாழத் தெரிந்தவர்கள்.

வால்வ் 2017 பிப்ரவரியில் டஸ்ட்2-வைப் போட்டிக்குரிய மேப் பட்டியலிலிருந்து எடுத்தது, திருத்தியது, 2018 ஏப்ரலில் திரும்பச் சேர்த்தது. இடைப்பட்ட காலத்தில் மற்ற மோடுகளிலும் சமூக சர்வர்களிலும் அது ஓடிக்கொண்டே இருந்தது. 2023-இல் கவுன்டர்-ஸ்டிரைக் 2 வந்தபோது அதே வால்வ் ஆர்ம்ஸ் ரேஸ், டேஞ்சர் ஸோன் மோடுகளைக் கைவிட்டது. முதலாவது மட்டும் சில மாதங்களில் திரும்பியது. நல்ல வழக்கத்தை உருவாக்கியவர்களே அதை மறக்கவும் செய்கிறார்கள். ஆகவே இதை நிறுவனங்களின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிட முடியாது. எந்த மேப் எப்போது வரும் என்ற அட்டவணையைச் சீசன் தொடங்கும்போதே வெளியிடுங்கள். ஒன்றை எடுத்தால் காரணத்தைச் சொல்லுங்கள். எடுத்ததைத் தனி அறைகளில் ஆட விடுங்கள். ஒரு விளையாட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் ஆட்டக்காரர்கள் இந்த மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும்.