கரிசல் சீமையும் சிறிய ஏவூர்தியும்
மீண்டு வரும் வாணத்தின் வரலாறு

மனிதன் படைத்த ஊர்திகளில், ஒரே ஒரு பயணத்திற்கெனச் செய்யப்பட்டு, அப்பயணத்திலேயே தன்னை அழித்துக்கொள்வது ஏவூர்தி. மரக்கலம் துறைக்குத் திரும்புகிறது. வானூர்தி ஓடுதளத்தில் இறங்கி, மறுநாள் மீண்டும் புறப்படுகிறது. செயற்கைக்கோளைச் சுமந்து செல்லும் ஏவூர்தியோ, சில நிமிடங்களில் தன் எரிபொருளைத் தீர்த்துவிட்டுக் கடலில் விழுகிறது. அல்லது வளிமண்டலத்தில் எரிந்து போகிறது. இந்த நிலையை மாற்ற வேண்டுமென்ற முயற்சியே அண்மைக்கால விண்ணியல் வரலாற்றின் முதன்மையான அத்தியாயம் எனலாம்.

இவ்வரலாற்றைத் தென்பாண்டிச் சீமையிலிருந்து நோக்குவது பொருத்தமுடையது. உமறுப் புலவர் அடங்கியுள்ள எட்டயபுரமும், அதன் அருகே கரிசல் காட்டிடையே அமைந்த பசுவந்தனையும், தீப்பெட்டித் தொழிலால் பெயர்பெற்ற கோவில்பட்டியும் அடங்கிய தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கடற்கரையில்தான், நாட்டின் இரண்டாவது விண்கல ஏவுதளம் எழுந்து வருகிறது. இவ்வட்டாரத்து மக்கள் நன்கறிந்த தீக்குச்சியின் தலையில் ஏவூர்தியின் அடிப்படைத் தத்துவம் அடங்கியிருக்கிறது. எரியும் பொருளும், அது எரிவதற்குரிய ஆக்சிஜனைத் தரும் பொட்டாசியம் குளோரேட்டும் அங்கே ஒன்றாய்க் குழைக்கப்பட்டுள்ளன. திண்ம எரிபொருள் ஏவூர்தியும் இவ்வாறே தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுடனே கொண்டு செல்கிறது. காற்றில்லாத வெளியிலும் அது எரிவதற்குக் காரணம் இதுவே.

மைசூரின் இரும்புக் குழல்

வெடியுப்பைத் தூய்மைப்படுத்தும் முறையையும் பலவகை வாணங்களையும் பற்றி, 13ஆம் நூற்றாண்டிலேயே சிரியா நாட்டு அறிஞர் ஹஸன் அல்-ரம்மாஹ் அரபு மொழியில் விரிவாக எழுதியுள்ளார். சீனத்தில் தோன்றிய இக்கலை அரபுலகின் வழியாகவும் பிற வழிகளாலும் பரவி, இந்தியாவில் ஹைதர் அலீ, திப்பு சுல்தான் ஆகியோர் காலத்தில் புதிய வடிவம் பெற்றது. அதுவரை தாளாலும் மூங்கிலாலும் செய்யப்பட்டு வந்த குழலை மைசூர்க் கொல்லர்கள் இரும்பால் செய்தனர். இரும்புக் குழல் மிகுந்த அழுத்தத்தைத் தாங்கியதால், வாணம் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவு வரை பாய்ந்தது. 1780ஆம் ஆண்டு காஞ்சிபுரத்திற்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை தோல்வியுற்றதற்கு, வெடிமருந்து வண்டிகள் இவ்வாணங்களால் தீப்பற்றியதும் ஒரு காரணம் எனக் கூறப்படுகிறது.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தார். அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று, கரிசல் சீமையின் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். ஒரே ஆண்டில் தென்னகத்தின் இரு எதிர்ப்புகளும் ஒடுக்கப்பட்டன. வெற்றி கொண்டவர்கள் மைசூர் வாணங்களை இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றனர். வுல்விச் படைக்கலச் சாலையுடன் தொடர்புடைய வில்லியம் காங்கிரீவ் அவற்றை ஆராய்ந்து, அளந்து, அளவுகளை முறைப்படுத்தி, நூலாக எழுதி வெளியிட்டார். 1807இல் கோபன்ஹேகன் நகரைத் தீக்கிரையாக்கியவற்றுள் காங்கிரீவின் வாணங்களும் உண்டு. மைசூர்க் கொல்லரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. 2018இல் ஷிமோகா மாவட்டத்து நகரக் கோட்டைக் கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்திற்கும் மேற்பட்ட இரும்புக் குழல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. பொருள் மண்ணுக்குள் இருந்தது. அதைச் செய்த அறிவோ வேறொரு நாட்டின் உடைமையாகிவிட்டிருந்தது.

இராமேசுவரத்தில் பிறந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம், 1960களின் தொடக்கத்தில் பயிற்சிக்காக அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதளத்திற்குச் சென்றபோது, அங்கே வரவேற்பு மண்டபத்தில் திப்புவின் வாணப்படையைச் சித்திரிக்கும் ஓவியம் ஒன்றைக் கண்டதாகத் தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார். தன் நாடு மறந்துவிட்ட ஒரு செய்தியை வேற்று நாட்டுச் சுவரில் காண நேர்ந்த அந்த அனுபவம் ஆழ்ந்த பொருளுடையது.

பதினேழு டன்னும் நாற்பது கிலோவும்

1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ஆய்வு வாணம் ஏவப்பட்டது. அதன் பின் ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் கழித்து, 1979 ஆகஸ்ட் 10 அன்று, கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. இரண்டாம் நிலையின் கட்டுப்பாட்டு அமைப்பில் நைட்ரிக் அமிலம் கசிந்ததால் அது வங்கக் கடலில் வீழ்ந்தது. குறை ஆராயப்பட்டது, திருத்தப்பட்டது. 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது.

எஸ்.எல்.வி-3இன் உயரம் 22 மீட்டர். எடை 17 டன். அது சுமக்க வல்லதோ 40 கிலோ. அதாவது, ஆயிரம் கிலோ ஊர்திக்கு இரண்டரைக் கிலோவும் இல்லை. எஞ்சிய அனைத்தும் எரிபொருளும், அதைக் கொள்ளும் கலமும், இயந்திரங்களும் ஆகும். சிறிய ஏவூர்தியின் மையச் சிக்கல் இக்கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

சிறியதற்கே வரும் சிக்கல்

ஏவூர்தியின் முதல் நிலையை மீட்டெடுக்க வேண்டுமாயின், அதனுடன் வான்குடையோ, இறங்குவதற்குரிய கால்களோ, வெப்பத்தைத் தாங்கும் உறையோ, மீதி எரிபொருளோ கூடவே செல்ல வேண்டும். பெரிய ஊர்தியில் இக்கூடுதல் எடை சுமையின் ஒரு பகுதியை மட்டுமே விழுங்கும். சிறிய ஊர்தியிலோ சுமை முழுவதையுமே விழுங்கிவிடக்கூடும். ஆகவே, மறுபயன்பாட்டால் செலவு குறைய வேண்டிய சிறிய ஊர்திக்கே மறுபயன்பாடு மிகக் கடினமாகிறது.

இந்த முரணை நேரடியாக எதிர்கொண்ட முதல் ஊர்திகளுள் ஒன்று, அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஃபால்கன்-1. அதன் உயரம் ஏறத்தாழ நம் எஸ்.எல்.வி-3இன் உயரமே. முதல் நிலை வான்குடை மூலம் கடலில் இறங்கி மீட்கப்பட வேண்டும், இரண்டாம் நிலை மட்டுமே அழிய வேண்டும் என்பது அதன் திட்டம். பசிபிக் பெருங்கடலின் குவாஜலீன் பவளத்தீவுத் திட்டிலிருந்து 2006 மார்ச் மாதம் புறப்பட்ட முதல் ஊர்தி, உப்புக்காற்றால் அரிக்கப்பட்ட சிறிய அலுமினிய மரை ஒன்றினால் எரிபொருள் கசிந்து தீப்பற்றி வீழ்ந்தது. 2007இலும் 2008 ஆகஸ்டிலும் மேலும் இரு தோல்விகள். 2008 செப்டம்பர் 28 அன்று நான்காம் முயற்சி வென்றது.

ஐந்தாவதும் இறுதியுமான பயணம் நம் வாசகர்களின் கவனத்திற்குரியது. 2009 ஜூலை 14 அன்று அவ்வூர்தி சுமந்து சென்றது மலேசியாவின் ரசாக்சாட் செயற்கைக்கோள். அந்நாட்டின் இரண்டாவது பிரதமர் துன் அப்துல் ரசாக்கின் பெயர் தாங்கிய அக்கோள், நிலநடுக்கோட்டையொட்டிய பாதையில் சுற்றிப் புவியைப் படம் பிடிக்கும் நோக்குடையது. பெரிய ஊர்திகளில் இடத்துக்காகக் காத்திராமல், தனக்கு வேண்டிய பாதைக்குத் தனி ஊர்தி பெறுவதே சிறிய ஏவூர்தியின் பயன் என்பதை அப்பயணம் காட்டிற்று. எனினும் ஃபால்கன்-1இன் முதல் நிலை ஒருமுறையும் மீட்கப்படவில்லை. அந்நிறுவனம் சிறியதைக் கைவிட்டுப் பெரியதற்கு மாறியது. 2015 டிசம்பரில் ஃபால்கன்-9இன் முதல் நிலை தரையிறங்கியது. 2017 மார்ச்சில் மீட்கப்பட்ட நிலையொன்று மீண்டும் பறந்தது. நியூசிலாந்திலிருந்து ஏவப்படும் எலக்ட்ரான் என்னும் சிறிய ஊர்தியின் முதல் நிலை 2020 நவம்பரில் கடலிலிருந்து மீட்கப்பட்டது. ஒருமுறை பறந்த இயந்திரம் ஒன்று 2023 ஆகஸ்டில் மீண்டும் அவ்வகை ஊர்தியில் பறந்தது. சிறியவற்றில் முன்னேற்றம் இவ்வாறு படிப்படியாகவே அமைகிறது.

தமிழகத்து முயற்சிகள்

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் மீட்புக் கலையை வேறு திசையிலிருந்து அணுகியது. 2007 ஜனவரியில் சுற்றுப்பாதையிலிருந்து கலம் ஒன்றை வங்கக் கடலில் இறக்கி மீட்டது. 2016 மே 23 அன்று இறக்கை கொண்ட சோதனை ஊர்தி 65 கிலோமீட்டர் உயரம் சென்று திரும்பியது. சித்ரதுர்காவில் ஹெலிகாப்டரிலிருந்து விடுவிக்கப்பட்ட இறக்கை ஊர்தி, 2023 ஏப்ரலிலும் 2024 மார்ச், ஜூன் மாதங்களிலும் தானே வழிகண்டு ஓடுதளத்தில் இறங்கியது. மூன்றாம் சோதனையில் பறந்தது, இரண்டாம் சோதனையில் பறந்த அதே உடல் என்பது குறிப்பிடத்தக்கது.

இதற்கிடையே 34 மீட்டர் உயரமும் 120 டன் எடையும் கொண்டு, 500 கிலோ சுமக்கும் எஸ்.எஸ்.எல்.வி என்னும் சிறிய ஊர்தி உருவானது. 2022 ஆகஸ்ட் 7 அன்று அதன் முதல் பயணத்தில், இரண்டாம் நிலை பிரிகையில் எழுந்த அதிர்வை உணர்கருவிகளின் பழுதென ஊர்தியின் கணினி கருதியதால், கோள்கள் உரிய பாதையை அடையவில்லை. 2023 பிப்ரவரியிலும் 2024 ஆகஸ்டிலும் அது வெற்றி கண்டது. இதன் முதல் மூன்று நிலைகளும் திண்ம எரிபொருளால் இயங்குபவை. பற்றவைத்தபின் அணைக்கவோ மீண்டும் மூட்டவோ இயலாத திண்ம எரிபொருள், தானே தரையிறங்கும் ஊர்திக்கு உதவாது.

எனவே திரவ எரிபொருளை நாடும் தனியார் முயற்சிகள் முக்கியத்துவம் பெறுகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனத்தை 2017இல் தொடங்கியவர்களுள் ஸ்ரீநாத் ரவிச்சந்திரனுடன் மொயீன் என்னும் இளைஞரும் ஒருவர். முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்க்கப்பட்ட இயந்திரத்தில் மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரியும் அவர்களது சோதனை ஊர்தி, பல முறை ஒத்திவைக்கப்பட்டபின் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று, சென்னைக்குத் தெற்கே திருவிடந்தையிலிருந்து, ஸ்பேஸ் ஸோன் இந்தியா நிறுவனத்தின் ரூமி-1 ஏவப்பட்டது. திண்ம எரிபொருளையும் திரவ ஆக்சிஜனேற்றியையும் இணைத்த அவ்வூர்தி, வான்குடையால் மீண்டு வரும்படி அமைக்கப்பட்டிருந்தது. இவ்விரண்டும் சுற்றுப்பாதையை எட்டியவை அல்ல. எட்டுவதற்குரிய படிகளே என்பதை மறத்தலாகாது. ஆரவாரச் செய்திகளால் அளவை மிகைப்படுத்துவது அறிவுக்குத் துணைசெய்யாது.

குலசேகரன்பட்டினம்

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்துருவம் நோக்கிச் செல்லும் ஊர்தி, இலங்கையின் மேலே பறக்காதிருக்க, கிழக்கே விலகிச் சென்று பின் தெற்கே திரும்ப வேண்டும். அத்திருப்பத்தில் செலவாகும் எரிபொருள் பெரிய ஊர்திக்குத் தாங்கக்கூடியது. சிறியதற்கோ சுமையில் பெரும்பங்கை இழக்கச் செய்வது. காயல்பட்டினத்திற்குத் தெற்கே, மணப்பாட்டை அடுத்துள்ள குலசேகரன்பட்டினத்திலிருந்து நேர் தெற்கே திறந்த கடலே உள்ளது. 2,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் அமையும் இத்தளத்திற்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. மீட்புக்கான சுமையையும் கூடவே கொண்டு செல்ல வேண்டிய சிறிய ஊர்திக்கு, இங்கே மிச்சமாகும் ஒவ்வொரு கிலோவும் விலைமதிப்புடையது.

ஆயினும் நிலவியல் தரும் வாய்ப்பு தானாகவே மக்களின் நலமாகிவிடாது. ஏவும் நாள்களில் கடலின் ஒரு பகுதி மூடப்படும்போது மீனவரின் பிழைப்புக்கு என்ன ஈடு? இயந்திரமயமாதலால் தீப்பெட்டித் தொழிலில் வேலை குறைந்த கோவில்பட்டி, பசுவந்தனை வட்டாரத்து இளைஞர்கள், புதிய தளத்தின் காவலர்களாகவும் ஓட்டுநர்களாகவும் மட்டும் நிற்பார்களா, அல்லது பற்றவைப்பும் பொருளியலும் கட்டுப்பாட்டியலும் கற்ற பொறியாளர்களாக உள்ளே நுழைவார்களா? மகேந்திரகிரியில் திரவ இயந்திரங்களைச் சோதிக்கும் வளாகம் பல்லாண்டுகளாக அண்டை மாவட்டத்திலேயே இயங்குகிறது. கல்விக்கூடங்களுக்கும் அதற்கும் இடையிலான பாதையை அகலப்படுத்துவது அரசின் கடமை மட்டுமன்று; கல்வி அறக்கட்டளைகளை நடத்தும் சமுதாயத்தின் கடமையுமாகும்.

மைசூர் வாணத்தின் வரலாறு கற்பிப்பது இதுவே: செய்யத் தெரிந்தால் மட்டும் போதாது, செய்ததை அளந்து, எழுதி, அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தவர்களுக்கே கலை சொந்தமாகிறது. மறுபயன்பாட்டின் பெரும்பயனும் செலவுச் சிக்கனம் மட்டுமன்று. கடலில் மறையும் ஊர்தி தன் குறைகளையும் பெரும்பாலும் உடன் கொண்டு மறைகிறது. மீண்டு வரும் ஊர்தியோ, எந்த இணைப்பு தளர்ந்தது, எந்த உலோகம் களைத்தது என்பதைத் தன் உடலிலேயே சான்றாக ஏந்தி வருகிறது. அச்சான்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் இம்மண்ணிலிருந்தே எழ வேண்டும்.